களமாக மறுத்த புஞ்சை

மாடும் மண்புழுவும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மாசி மாதத்து வெள்ளிக்கிழமை, நாற்பத்தோரு ஏர் உள்ள ஓர் ஊர் கூடி, குருவம்மாளின் வடக்குப் புஞ்சையைக் களமாக்குவது என்று முடிவு செய்தது.

காரணம் இருந்தது. கார்த்திகை வெள்ளத்தில் ஓடை கரையை உடைத்து, ஊர்ப் பொதுக்களத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. கதிரடிக்கக் களம் இல்லாமல் ஓர் ஊர் இருக்க முடியாது. களம் என்றால் தண்ணீர் இறங்கக் கூடாது, கால் பதியக் கூடாது, உலக்கை விழுந்தாலும் தழும்பு படக் கூடாது. ஊரைச் சுற்றிப் பார்த்ததில் அப்படிப்பட்ட நிலம் ஒன்றுதான் கிடைத்தது. அதில் குருவம்மாள் சோளம் விதைத்திருந்தாள்.

சோளம் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. முழங்கால் உயரத்தில் மஞ்சள் பூத்து நின்ற தட்டைகள் அவை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேர் ஒரு சாண் ஆழம் போய், அங்கே எதிலோ முட்டி, மடக்கிய முழங்கை போலப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கியது. தேங்கியது வழிந்து பக்கத்துச் சடையன் புஞ்சைக்குப் போனது. வெயில் வந்தால் மேல்மண் ஓடு கட்டியது.

ஊரின் பெரியதனம் இருளப்பன் கெட்டவர் இல்லை. சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"தாயி, ஒன் நெலத்தப் புடுங்கணும்னு எங்களுக்கு ஆசையா என்ன? அது வெளையல. வெளையாத நெலம் ஊருக்காவது ஒதவட்டும். பதிலுக்கு மேற்க கரட்டடியில ஒனக்கு அளந்து விட்டுர்றோம்."

"கரட்டடியில என்னத்த மாமா வெதைக்கிறது? ஓணானையா?"

கூட்டம் சிரித்தது. குருவம்மாளின் கணவன் ஒச்சப்பனும் சிரித்தான். சிரித்ததோடு நிற்கவில்லை. "கல்லு நல்லா வெளையும்," என்றான். கூட்டம் இன்னும் பெரிதாகச் சிரித்தது. அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் வேட்டி நுனியைச் சரிசெய்யத் தொடங்கினான்.

அந்தப் புஞ்சையைத் தவிர அவர்களுக்கு வேறு நிலம் கிடையாது. கரட்டடியில் விளையாது. விளையாவிட்டால் அடுத்த வருடம் அடுத்தவர் புஞ்சையில் கூலிக்கு இறங்க வேண்டும். குருவம்மாள் தன் மாடுகளைப் பூட்டி, தன் மேழியைப் பிடித்து உழுதவள். இன்னொருவர் சாலில் நிற்க அவளுக்கு மனம் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

"ஒரு மழைக்காலம் குடுங்க மாமா," என்றாள். "வார ஐப்பசியில மொதப் பெருமழை பெஞ்சு விட்ட மறுநா காலையில வந்து பாருங்க. எம் புஞ்சையில தண்ணி நின்னா களம் போட்டுக்கங்க. நானே சாணி கரைச்சு மெழுகித் தாறேன்."

"நிக்காட்டி?"

"நிக்காட்டி நீங்க வேற எடம் பாக்கணும்."

இருளப்பன் யோசித்தார். ஐப்பசிக்கு முன்னால் பெரிய அறுப்பு எதுவும் இல்லை. சரி என்று எழுந்தார். போகும்போது, "களம் அளக்க முளைக்குச்சியும் கயிறும் கொண்டாந்துதான் பாப்பேன் தாயி, கோவிச்சுக்கக் கூடாது," என்றார்.

"கொண்டாங்க. திரும்பத் தூக்கிட்டுப் போக ஆளையும் கூட்டிட்டு வாங்க."

அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழி இருந்தது. விளைய வேண்டுமானால் உழ வேண்டும். விளையாவிட்டால் இன்னும் உழ வேண்டும். அதற்கும் விளையாவிட்டால் உழவு போதவில்லை என்று பொருள். குருவம்மாளும் அப்படித்தான் வளர்ந்தவள்.

சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்தது. தூறல் முழுதாக விடும் முன்பே அவள் செவலையையும் மயிலையையும் பூட்டிக்கொண்டு புஞ்சையில் இறங்கினாள். காய்ந்த மண்ணில் கலப்பைக் கொழு இறங்காது, ஈர மண்ணில் வெண்ணெய் போல இறங்கும். அவள் கணக்கு அது.

இரண்டு சுற்று வந்ததும் செவலை வாய் திறந்தது. "ஆத்தா, இன்னைக்கு வேணாம். காலைத் தூக்குனா மண்ணும் கூடவே வருது."

"வெயில்ல பூட்டுனா கட்டியா இருக்குங்குற. மழையில பூட்டுனா ஈரமா இருக்குங்குற. ஒனக்கு எப்பத்தான் தோது?"

"மாட்டுக்கிட்ட தோது கேட்ட மொத ஆளு நீதான்," என்றது மயிலை. "கேட்டதும் கேட்ட, செத்த நின்னு பதிலையும் கேளு."

அவள் நிற்கவில்லை. மேழியை அழுத்தினாள். நீளவாக்கில் உழுது, குறுக்கே உழுது, மறுபடி மூலைக்கு மூலை உழுதாள். மூன்றாம் உழவில் கொழு கீறிய சால் தேய்த்த செம்பு போல மினுங்கியது. வரப்பில் நின்ற சடையன், "மதினி உழுத சாலுல மொகம் பாக்கலாம்," என்று பாராட்டினான். அந்த ஊரில் மினுங்கும் சால் நல்ல உழவுக்கு அடையாளம். அது எதற்கு அடையாளம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கடைசியில் பரம்புப் பலகையைக் கட்டி, ஒச்சப்பனை அதன்மேல் ஏற்றி, இழுத்துச் சமப்படுத்தினாள். புஞ்சை சந்தனம் அரைத்த கல் மாதிரி ஆனது. வெயில் வந்தது. இரண்டு வாரத்தில் கல் மட்டும் மிஞ்சியது.

வைகாசியில் தொழுவத்துக் குப்பை முழுவதையும் கூடை கூடையாகச் சுமந்து புஞ்சையில் பரப்பினாள். குப்பை மண்ணை இளக்கும் என்பது அந்த ஊரில் எல்லாரும் சொல்வது. பொய்யும் இல்லை. ஆனால் இளக்குவதற்கு அது மண்ணுக்குள் போக வேண்டும். ஆனி மாதம் ஒரு மாலை மழை ஓங்கி அடித்தது. இறங்க வழியில்லாத தண்ணீர் குப்பையைத் திரட்டி, வரப்பைத் தாண்டி, சடையனின் எள்ளுப் புஞ்சையில் சேர்த்தது.

மறுநாள் சடையன் வீட்டு வாசலுக்கே வந்தான்.

"மதினி, ஒங்க குப்பை பத்திரமா வந்து சேந்துச்சு. வண்டிக்கூலி ஏதும் குடுக்கணுமா?"

"வேணாம் கொழுந்தனாரே. எள்ளு ஆட்டுனதும் எண்ணெய்ய இந்தப் பக்கமா வழிய விடுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவன் போனதும் காலிக் கூடையை எடுத்துச் சுவரில் எறிந்தாள். ஒச்சப்பன் அதை எடுத்து, உடைந்த விளிம்பைப் பார்த்துவிட்டு முடையத் தொடங்கினான்.

"ஏ குருவு, கரட்டடிய ஒருக்கா போயிப் பாத்துட்டு வருவமா? சும்மா. பாக்குறதுல என்ன இருக்கு," என்றான் பிறகு.

"நீங்க போங்க. வரும்போது ஒரு கல்லு கொண்டாங்க. எங்கிட்ட இருக்கறதோட ஒத்துப் பாப்போம்."

ஆனிக் கடைசியில் சடையனின் எள் அறுப்புக்கு வந்தது. எள்ளைக் காயவைத்து உதிர்க்க ஒரு சின்னக் களம் வேண்டும். அவன் தன் புஞ்சையின் மேட்டு மூலையை ஒதுக்கினான். யார் வீட்டுக்குக் களம் என்றாலும் எல்லாரும் மாடு கொண்டுபோவது ஊர் வழக்கம். குருவம்மாளும் செவலையையும் மயிலையையும் ஓட்டிக்கொண்டு போனாள்.

வேலை எப்போதும் போல நடந்தது. முதலில் மூலையைக் கொத்திப் பொடியாக்கினார்கள். பிறகு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மண் குழைந்ததும் மாடுகளை உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றி மிதிக்க வைத்தார்கள். மேலே பரம்புப் பலகையை ஏற்றி இழுத்தார்கள். அப்படியே வெயிலில் விட்டால் மறுநாள் கல்லாகிவிடும், சாணி மெழுகினால் வேலை முடிந்தது.

குருவம்மாள் கையில் குடத்தோடு நின்றாள். ஊற்ற வேண்டிய தண்ணீரை ஊற்றவில்லை.

பொடியாக்குவது. நனைப்பது. மிதிப்பது. பலகை இழுப்பது. காயவிடுவது.

"என்ன மதினி, கொடத்தோட நின்னுட்டீக?" என்றான் சடையன்.

அவள் மாடுகளிடம் போனாள். செவலையின் கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏ செவலை. சித்திரையில நம்ம புஞ்சையில செஞ்சதும் இந்த வேலைதான?"

செவலை மயிலையைப் பார்த்தது. மயிலைதான் சொன்னது. "ஒரு வித்தியாசம் இருக்கு ஆத்தா. அங்க கலப்பையோட மிதிச்சோம். இங்க சும்மா மிதிக்கிறோம். களம் ரெண்டும் ஒண்ணுதான். சொல்லப்போனா அங்க போட்டதுதான் நல்ல களம்."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னோமே. நீ எப்பத்தான் தோதுன்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்கல."

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக வடக்குப் புஞ்சைக்கு நடந்தாள். இறங்கும் முன் வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்ட சத்தம் ஓடைக்கு அந்தப்பக்கம்வரை கேட்டதாம். "இந்தாங்க! கடப்பாரைய எடுத்துட்டு வாங்க!"

ஒச்சப்பன் கடப்பாரையோடு வந்தான். பின்னாலேயே மாடுகளும் வந்து வரப்பில் நின்றன. அவன் ஓங்கிக் குத்தினான். மேலே ஒரு சாண் உடைந்தது. அதற்குக் கீழே கடப்பாரை பட்டதும் ஓசை மாறியது. வெண்கலத்தில் அடித்தது போல இருந்தது. நெம்பி நெம்பி ஒரு துண்டைப் பெயர்த்தான். அது மண்தான். ஆனால் அடுக்கி வைத்த வெற்றிலை போல ஏடு ஏடாக இருந்தது. ஓர் அங்குலத்துக்கு ஒரு துவாரம் கூட இல்லை. அதற்கடியில் இருந்த மண், அத்தனை மழைக்குப் பிறகும், காய்ந்து கிடந்தது.

அந்தத் துளையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரப்பா அது? கூரையில கையை வச்சது?"

மண்புழு ஒன்று தலையை நீட்டியது. மெலிந்து, நூல் போல இருந்தது.

"இந்தப் புஞ்சைக்காரி," என்றாள் குருவம்மாள்.

"அப்பாடி. செத்துப்போயிட்டியோன்னு நெனச்சோம். ஆளு இருந்தா வீட்டுக்கு மேல வீடு கட்ட மாட்டாளேன்னு."

"நான் எங்க கட்டுனேன்?"

"ஒம் மாட்டக் கேளு."

செவலைக்குக் கோபம் வந்தது. "ஏய் புழு, எங்க மேல போடாத. நாங்க மேல நடந்தோம். கீழ தேச்சது கலப்பையோட அடிமரம். ஒவ்வொரு வருசமும் அதே ஒரு சாணுலதான் அது போகுது."

"அடிமரம் தானா நடந்துச்சா அண்ணே? நீங்க இழுத்தீக. ஈரத்துல இழுத்தீக. எங்க வாசல் அம்புட்டையும் வழுவழுன்னு பூசி அடைச்சிட்டீக. கீழ இருந்தவுக தண்ணி இல்லாமப் போனாக. மேல இருந்தவுக தண்ணியில மூச்சு முட்டிப் போனாக. நடுவுல மாட்டுன ஆளுல நானும் ஒருத்தன்."

"நாங்க என்னத்தக் கண்டோம்? பூட்டுனாக, இழுத்தோம்."

"சண்டைய விடுங்க," என்றாள் குருவம்மாள். "மேழியப் புடிச்சது நான். எனக்கு ஐப்பசிக்குள்ள இந்தப் புஞ்சை தண்ணி குடிக்கணும். இல்லாட்டி இது களம். களமாச்சுன்னா ஒங்க கூரைக்கு மேல சாணி மெழுகிருவாக. அதையும் நாந்தான் மெழுகணும், வாக்குக் குடுத்திருக்கேன். என்ன செய்யணும்னு சொல்லு."

புழு இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது. பிறகு சொன்னது.

"மொதல்ல கூரைய ஒடை. காஞ்சு கெடக்கும்போது ஒடை, அப்பத்தான் விரிசல் விடும். ஈரத்துல ஒடைச்சா மறுபடி பூசுன மாதிரி ஆகும். பொறவு, குப்பைய மேல போட்டா மழைக்குப் போட்டதுன்னு அர்த்தம். உள்ள போட்டா எங்களுக்குப் போட்டது. குப்பை போதாது, தழை வேணும். நீ வயித்துக்குப் போட்டா நாங்க வழி போட்டுத் தாறோம். ஆனா ஈரத்துல மாட்ட எறக்குனா, அன்னையோட நாங்க கெளம்பிருவோம்."

"எம்புட்டு ஈரம்னு நான் எப்படிக் காண்பேன்? மேல பாத்தா ஒண்ணும் தெரியலையே."

"பாத்தா எனக்கும் தெரியாது. எனக்குக் கண்ணே கெடையாது. தடவித்தான் தெரிஞ்சுக்குவேன். நீயும் தடவிப் பாரு. ஒரு சாண் ஆழத்துல ஒரு புடி மண்ணெடுத்து உருட்டு. இடுப்பு ஒசரத்துல இருந்து போடு. உருண்டை ஒடஞ்சு உதுந்தா உள்ள காத்து இருக்குன்னு அர்த்தம், மாட்டக் கூப்புடு. பணியாரமாட்டம் தட்டையாகி அப்படியே கெடந்தா வீட்டுக்குப் போ."

"மறந்துட்டா?"

"மழை விட்டதும் நாங்களே மேல வந்து கெடக்கோம். எங்களப் பாத்தா ஞாபகம் வரும்."

"காக்கா கொத்தும்டா," என்றது மயிலை.

"கொத்தட்டும் அண்ணே. மேல செத்தா நாலு பேரு பாப்பாக. கீழ செத்தா ஒருத்தருக்கும் தெரியாது."

ஒப்பந்தம் அவ்வளவுதான். சாட்சிக்கு ஒச்சப்பன் இருந்தான். அவன் கடப்பாரையில் சாய்ந்துகொண்டு, "மாடு, புழு, பொஞ்சாதி, மூணு பேரும் ஒரு பக்கமாப் போயிட்டீக. இனி நான் எங்க போறது?" என்றான். எச்சிலைக் கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு அடுத்த இடத்தில் குத்தினான்.

ஆடி வெயிலில் வேலை தொடங்கியது. புஞ்சை முழுவதையும் கடப்பாரையால் உடைப்பது நடக்கிற காரியம் இல்லை. கொல்லனிடம் ஒல்லியாக, நீளமாக ஒரு கொழு அடித்து வாங்கினார்கள். இடைவெளி விட்டு விட்டு, ஒரே சாலில் திரும்பத் திரும்ப ஓட்டி, இரண்டு சாண் ஆழத்துக்குக் கீறினார்கள். கொழு முட்டி நின்ற இடத்தில் ஒச்சப்பன் கடப்பாரையால் வழி விட்டான். தலை அளவு கட்டிகள் பெயர்ந்து கிடந்தன. குருவம்மாள் அவற்றை உடைக்கவில்லை, பரம்பும் இழுக்கவில்லை.

காய்ந்த மண்ணில் ஏர் ஓட்டுகிறவளைப் பார்க்க ஊர் வரப்பில் வந்து நின்றது. "கல்லுடைக்கிற வேலைய இங்கயே பழகிக்கிறா, கரட்டடிக்குப் போனா ஒதவும்," என்றார்கள்.

மாடுகளுக்கு அந்த வேலை கடினம். செவலையின் கழுத்து புண்ணானது. அவள் விளக்கெண்ணெய் தடவிவிட்டு, "நாளைக்கு நிறுத்துவமா?" என்று கேட்டாள்.

"நீ கேட்டதே போதும்," என்றது செவலை. "நாளைக்கும் பூட்டு."

ஆவணியில் நல்ல தூறல் விழுந்தது. கட்டிகள் தாமாக நனைந்து உதிர்ந்தன. அவள் ஒரு பிடி மண்ணை உருட்டிப் போட்டாள். உடைந்தது. குப்பையைப் போட்டு, லேசாக உழுது உள்ளே தள்ளி, சணப்பு விதைத்தாள். ஊர் முழுக்கச் சோளத்துக்கு நிலம் தயார் செய்துகொண்டிருந்த நேரத்தில், அவள் மனிதருக்குச் சோறாகாத, மண்ணில் மடக்கி உழுவதற்கான தழைப்பயிர் ஒன்றை விதைத்தாள். சடையன் வரப்பில் நின்று, "மதினி, ராத்திரிக்குச் சணப்புக் கஞ்சியா?" என்றான்.

"ஒங்களுக்கும் ஒரு செம்பு அனுப்புறேன் கொழுந்தனாரே. குப்பைய அனுப்புனவளுக்குக் கஞ்சி அனுப்பத் தெரியாதா?"

சணப்பு இடுப்புக்கு மேல் வளர்ந்தது. ஒன்றைப் பிடுங்கப் போனால் வரவில்லை. ஆணிவேர் விரிசல் வழியாக, பழைய கூரையைத் தாண்டி, நேராகக் கீழே இறங்கியிருந்தது. அத்தனை நாளும் புஞ்சையில் ஒரு மாடு இறங்கவில்லை.

புரட்டாசியில் மஞ்சளாகப் பூத்தது. அதுதான் நேரம். பூவில் மடக்கி உழுதால் தழை மண்ணில் மக்கும். காய் பிடித்துவிட்டால் தண்டு முற்றி நாராகிவிடும், புஞ்சைக்கு ஆகாது. அவள் ஏர் பூட்ட நினைத்த வாரத்தில்தான் மழை பிடித்துக்கொண்டது.

மழை விட்ட காலையில் ஊரின் நாற்பது ஏர்களும் இறங்கின. விதைப்புப் பருவம், வானம் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது, யாரும் காத்திருக்கத் தயாராக இல்லை. நாற்பத்தோராவது ஏரும் வடக்குப் புஞ்சைக்கு வந்தது. குருவம்மாள் குனிந்து, ஒரு சாண் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் போட்டாள். பணியாரம் போலத் தட்டையாகிக் கிடந்தது.

ஒச்சப்பன் அதைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். சணப்பைப் பார்த்தான். கீழ்க்கிளைகளில் பிஞ்சு தெரிந்தது.

"ஏ குருவு, இன்னைக்கு விட்டா அடைமழை. ஒரு வாரம் போனா நாருதான். கயிறு திரிக்கலாம், களத்துல கதிரடிக்க வாரவனுக்கு விக்கலாம். ஒரு உழவுதான? ஒரு உழவுல என்ன ஆயிரப் போகுது?"

அவள் அந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, சொல்லத்தான் வேண்டும், நுகத்தடியை எடுத்து மாடுகளின் கழுத்தில் வைத்தாள். கயிற்றைக் கட்டினாள். மேழியைப் பிடித்தாள்.

மாடுகள் நகரவில்லை.

"உருண்டை ஒடஞ்சுச்சா ஆத்தா?" என்றது செவலை.

"இல்ல."

"அப்ப?"

காலடியில் ஏதோ நெளிந்தது. கொழு முனைக்கு முன்னால், அந்தக் கோடிவரை, ஈர மண்ணில் மண்புழுக்கள் மேலே வந்து கிடந்தன. ஆனியில் நூல் போல இருந்தவை இப்போது கயிறு கனத்தில் இருந்தன. காக்கைகள் வந்திருந்தன. ஒரு காக்கை ஒன்றைக் கொத்தித் தூக்கியது. மற்றவை நகரவில்லை.

குருவம்மாள் கயிற்றை அவிழ்த்தாள். அதோடு விடவில்லை. நுகத்தடி அங்கே கிடந்தால் அரை நாழிகையில் தன் கையே மறுபடி எடுத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். மாடுகள் வெறுங்கழுத்தோடு பின்னால் வந்தன.

வழியெல்லாம் நாற்பது ஏர்களும் நின்று பார்த்தன. "என்ன மதினி, மாட்டுக்குப் பதிலா நீங்களே பூட்டிக்கிட்டீகளா?" என்றான் சடையன்.

"மாட்டுக்கு இன்னைக்கு அறிவு கூடிப்போச்சு கொழுந்தனாரே. அதான் நான் தூக்குறேன்."

பெரியதனம் இருளப்பன் தன் வரப்பிலிருந்து கேட்டார். "தாயி, பருவத்த விட்டுட்டுப் போறியே. களத்துக்குச் சம்மதமா?"

"ஐப்பசியில வாங்க மாமா," என்றாள். நிற்கவில்லை.

அடைமழை வரவில்லை. தூறல்தான் விட்டு விட்டு விழுந்தது. ஒவ்வொரு காலையும் அவள் புஞ்சைக்குப் போனாள், ஒரு பிடி மண்ணை உருட்டிப் போட்டாள், வீட்டுக்கு வந்தாள். ஒச்சப்பன் கேட்பதை நிறுத்திவிட்டான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விடுவான். ஊர் விதைத்து முடித்தது. பக்கத்துப் புஞ்சைகளில் சால்கள் மினுங்கின.

பிறகு இரண்டு நாள் வெயில் அடித்தது. உருண்டை தரையில் பட்டு, பொரிகடலை போல உதிர்ந்தது. அவள் அங்கிருந்தே கூப்பிட்டாள். மாடுகள் ஒச்சப்பனுக்கு முன்னால் வந்து சேர்ந்தன. அன்று பொழுது சாய்வதற்குள் சணப்பைச் சாய்த்து மண்ணுக்குள் மடக்கினார்கள். கால்வாசி முற்றியிருந்தது. முக்கால்வாசி பூவில் போனது. அந்தச் சால் மினுங்கவில்லை. சொரசொரவென்று இருந்தது.

ஐப்பசிப் பெருமழை ஒரு பகல் முழுவதும் கொட்டி, பொழுது சாய நின்றது. மறுநாள் காலை இருளப்பன் சொன்னபடி முளைக்குச்சி, கயிறு, பத்து ஆட்களோடு வந்தார்.

வரும் வழியில் சடையன் புஞ்சையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. முளைத்த சோளம் நுனி மட்டும் தெரிந்தது. சடையன் மடை வெட்டிக்கொண்டிருந்தான். அன்று அவனிடம் நகைச்சுவை எதுவும் இல்லை. குப்பை வந்த வழியில் இந்த முறை எதுவும் வரவில்லை. அவன் புஞ்சையில் நின்றது அவனுடைய தண்ணீர்.

வடக்குப் புஞ்சையில் தண்ணீர் இல்லை. குளம்படி அளவு பள்ளத்தில்கூட இல்லை. மண் கறுத்து, உப்பி, நெடுகப் புழுக்கள் நெளிந்தன. இருளப்பன் வரப்பில் நின்றபடி ஒருவன் கையிலிருந்த முளைக்குச்சியை வாங்கி, குத்தாமல், சும்மா நழுவவிட்டார். அது பாதிவரை உள்ளே போய் நின்றது.

அதைப் பிடுங்கி, நுனியில் ஒட்டியிருந்த மண்ணைத் தடவிப் பார்த்தார்.

"களத்துக்கு ஆகாது," என்றார்.

ஆட்கள் முளைக்குச்சிகளைத் திரும்பத் தோளில் ஏற்றினார்கள்.

"மாமா, கரட்டடியப் பாருங்க," என்றான் ஒச்சப்பன். "அங்க கல்லு நல்லா வெளையும்னு நான் மாசியிலேயே சொன்னேன், எல்லாரும் சிரிச்சீக."

இந்த முறை குருவம்மாள் சிரித்தாள்.

அவள் தாமதமாகச் சோளம் விதைத்தாள். அந்த வருடம் விளைச்சல் நடுத்தரம்தான். வேர் நேராக இறங்கியிருந்தது. அடுத்த புரட்டாசியில் மழை விட்ட காலையில் சடையன் ஏரை வரப்பில் நிறுத்தி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தான். அதைச் செவலை பார்த்துவிட்டது. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டது.

மழை விட்டதும் மண்புழு காக்கைக்குப் பயப்படாமல் மேலே வந்து கிடப்பதும், உழவர் மாட்டைப் பூட்டும் முன் ஒரு பிடி மண்ணை உருட்டிப் போட்டுப் பார்ப்பதும் குருவம்மாள் நுகத்தடியைச் சுமந்த அந்த நாளிலிருந்து வந்த வழக்கம். மாடும் புழுவும் பேசுவது பிற்பாடு நின்றுபோனது. ஒப்பந்தம் நிற்கவில்லை.

2021 அக்டோபர் 19, செவ்வாய்க்கிழமை காலை, அந்த ஊர் வடக்குப் புஞ்சைக்கு உழவு ஓட்ட வந்த டிராக்டர் ஓட்டுநர் பாண்டிச்செல்வம், வண்டியை வரப்போரம் நிறுத்தி இறங்கி, ஒரு பிடி மண்ணை உருட்டிப் போட்டார். உடையவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.